நாலு சட்டை, ஒரு கூடு

நாலாவது தோலுரிப்புக்குப் போகும் பட்டுப்புழுத் தட்டை முதன்முதலாகப் பார்ப்பவருக்கு வயிற்றைக் கலக்கும். காலைவரை தூறல் விழுவதுபோல் சத்தம் போட்டு இலை தின்ற கூட்டம், மாலையில் அசைவில்லாமல் கிடக்கும். ஒவ்வொன்றும் முன்னுடலைத் தூக்கி நிறுத்தியபடி உறைந்திருக்கும். தோல் இழுத்துக் கட்டியதுபோல் மினுங்கும். கையில் எடுக்கக் கூடாது. குனிந்து பார்த்தால் போதும். முகத்தில் சின்னதாக ஒரு கருந்தொப்பி தெரியும், அதற்குப் பின்னால் தோலுக்கு அடியில் வெளிறிய முக்கோணம் ஒன்று. அந்த முக்கோணம்தான் அடுத்த தலை. பழைய தலைக்குள் அது அடங்காது, அதனால் பின்னால் காத்திருக்கிறது.

முதல் மூன்று தோலுரிப்புகளில் இந்தக் காத்திருப்பு ஏறத்தாழ ஒரு நாள். நாலாவதில் 30 மணி நேரம், சமயத்தில் 36 கூட ஆகும்.

பூச்சியின் மேல்தோல் நம் தோல்போல் வளராது. கைட்டின் என்ற கெட்டியான நார்ப்பொருளும் புரதமும் அடுக்கடுக்காகச் சேர்ந்த ஓடு அது. அதற்கு அடியில் ஒற்றை வரிசையாக நிற்கும் செல்கள்தான் உயிருள்ள பகுதி. முட்டையிலிருந்து வெளிவரும்போது அரை மில்லிகிராம்கூட இல்லாத புழு, 25 நாளில் 4 முதல் 5 கிராம் ஆகிவிடுகிறது. ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு. ஒரே சட்டையை வைத்துக்கொண்டு இது முடியாது. ஆகவே நாலு முறை பழையதைக் கழற்றிப் பெரியதைப் போட்டுக்கொள்கிறது. ஒரு சட்டையோடு வாழும் காலம் ஒரு பருவம்; நாலு உரிப்பு என்றால் ஐந்து பருவம்.

கழற்றுவது கடைசி வேலைதான். முதலில் செல்வரிசை பழைய ஓட்டைவிட்டு விலகுகிறது. அந்த இடைவெளியில் ஒரு திரவம் சுரக்கிறது. கைட்டினையும் புரதத்தையும் கரைக்கும் நொதிகள் அதில் இருந்தாலும், உடனே வேலையைத் தொடங்குவதில்லை. தொடங்கினால் இனி வரப்போகும் தோலையும் சேர்த்துத் தின்றுவிடும். புதுத் தோலின் வெளிப்பூச்சு போட்டு முடிந்த பிறகே நொதிகள் விழித்துக்கொள்கின்றன. பழைய ஓட்டின் உள்ளடுக்கு கரைந்து, அதன் சத்து உடலுக்கே திரும்பிப் போகிறது. தட்டில் கருகிச் சுருண்டு கிடப்பது கரையாமல் மிஞ்சிய மேலடுக்கு மட்டுமே. மூச்சுக்குழல்களின் உள்ளுறையும் அதோடு சேர்ந்து வெளியே வரும். உரித்த சட்டையை லென்சு வைத்துப் பார்த்தால், மூச்சுத்துளை ஒவ்வொன்றிலிருந்தும் மயிரிழைபோல் அது தொங்குவது தெரியும்.

புழுவளர்ப்பவர்கள் அடிக்கடி கோட்டைவிடும் இடம் இங்கேதான் வருகிறது. தோலுரிப்புக்கு உட்காரும் புழு, தன் பின்கால்கள் பதியும் இடத்தில் கொஞ்சம் பட்டு இழை விட்டு மெத்தைபோல் ஒட்டிக்கொள்கிறது. பழைய சட்டை அந்த இழையில் மாட்டிக்கொண்டு நிற்க, புழு முன்னோக்கி நெளிந்து வெளியேறும். இந்த நேரத்தில் தட்டைச் சுத்தம் செய்கிறேன், இடம் மாற்றுகிறேன் என்று புழுவைக் கிளப்பினால் பிடி விட்டுப்போகும். பிறகு சட்டை கூடவே வரும். பாதி உரித்த நிலையில், வால்பக்கம் இறுக்கிப் பிடித்தபடி புழு செத்துவிடும். சுத்தம் செய்வதெல்லாம் புழு உட்காருவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். உட்கார்ந்த பின் இலை போடக் கூடாது. படுக்கையில் சுண்ணாம்புத் தூளைத் தூவிக் காயவிட வேண்டும். சுண்ணாம்பு ஈரத்தைக் குறைக்கும், மிச்ச இலையையும் வாடவைக்கும். முதலில் எழும் நாலு புழு அந்த இலையைத் தின்று முந்திக்கொண்டால் தட்டு முழுக்க வயது கலந்துவிடும், அந்தக் கலப்படத்தைக் கூடு கட்டும்வரை சரிசெய்ய முடியாது. நூற்றுக்குத் தொண்ணூறு, தொண்ணூற்றைந்து புழு எழுந்த பிறகே முதல் இலை.

எழுந்த புழுவின் வாயுறுப்பு வெளிறி மெத்தென்று இருக்கும். அது கெட்டிப்பட்டுக் கறுக்கச் சிறிது நேரம் வேண்டும். பசியோடு எழுந்திருக்கிறதே என்று பாவம் பார்ப்பதில் பயனில்லை.

சரி, தோலை உரி என்று புழுவுக்குச் சொல்வது யார்?

போலந்துக்காரர் ஸ்டெஃபான் கோபெச் இதற்கு நூலைத்தான் கருவியாக எடுத்தார். ஜிப்சி அந்துப்பூச்சியின் கடைசிப் பருவப் புழுவை நடுவில் இறுக்கிக் கட்டினார். சீக்கிரமே கட்டினால் முன்பாதி மட்டும் கூட்டுப்புழுவாக மாறியது, பின்பாதி புழுவாகவே கிடந்தது. சில நாள் கழித்துக் கட்டினால் இரண்டு பாதியும் மாறின. நரம்பை அறுத்தபோது மாற்றம் தடைபடவில்லை. மூளையை முன்கூட்டியே எடுத்தபோது தடைபட்டது. ஆக மூளையிலிருந்து ஏதோ ஒன்று இரத்தத்தில் கலந்து போகிறது. 1922-இல் வெளிவந்த இந்த முடிவை அன்று பெரும்பாலானோர் கண்டுகொள்ளவில்லை. மூளை ஹார்மோன் சுரக்கும் என்பதே அப்போது ஏற்க முடியாத பேச்சாக இருந்தது.

1930களில் இங்கிலாந்தின் வின்சென்ட் விகிள்ஸ்வொர்த், தென்னமெரிக்காவின் இரத்தம் குடிக்கும் பூச்சியான ரோட்னியஸை எடுத்துக்கொண்டார். இதைவிட வசதியான பூச்சி கிடைக்காது. ஒவ்வொரு பருவத்திலும் ஒரே ஒரு முறை வயிறு முட்டக் குடிக்கும், பிறகு நாள் கணக்குத் தப்பாமல் சட்டை உரிக்கும். குடித்த மறுநாளே தலையை வெட்டினால் உரிக்காது. ஆனால் சாகாது, மாதக்கணக்கில் தலையில்லாமல் உயிரோடு இருக்கும். ஒரு குறிப்பிட்ட நாளைத் தாண்டி வெட்டினால் தலையில்லாமலே சட்டை உரித்துவிடும். ஐந்தாம் பருவத்தில் அந்த எல்லை குடித்ததிலிருந்து ஏறத்தாழ ஒரு வாரம். எல்லையைத் தாண்டிய பூச்சியையும் தாண்டாததையும் வெட்டுவாயில் சேர்த்து ஒட்டி, இரண்டின் இரத்தமும் கலக்கும்படி செய்தார். தாண்டாததும் உரித்தது.

இந்த எல்லைநாளை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கும். பூச்சி ஹார்மோன்களைப் பற்றிப் பேசும்போது ‘எது’, ‘எவ்வளவு’ என்பதைவிட ‘எப்போது’ என்பதே பெரிய கேள்வி. பாடப்புத்தகங்கள் பெயர்ப்பட்டியலோடு நின்றுவிடுவதால் பலருக்கு இது பிடிபடுவதில்லை.

சங்கிலி இதுதான். மூளையில் உள்ள சில நரம்புச் செல்கள் ஒரு சிறு புரதத்தை விடுகின்றன. அது முதல் மூச்சுத்துளைக்கு அருகே மூச்சுக்குழலோடு ஒட்டிக் கிடக்கும் முன்மார்புச் சுரப்பியைத் தட்டி எழுப்புகிறது. சுரப்பி எக்டைசோன் என்ற தோலுரிப்பு ஹார்மோனை விடுகிறது. கொழுப்புத் திசு முதலிய இடங்களில் ஒரு ஆக்சிஜன் சேர்ந்ததும் அது முழு வீரியம் பெறுகிறது. அந்தச் சுரப்பிதான் ஊற்று என்று 1940-இல் பட்டுப்புழுவை வைத்தே காட்டியவர் ஜப்பானின் ஃபுகுடா. எக்டைசோனைப் படிகமாகப் பிரித்தெடுத்தவர்கள் ஜெர்மனியின் பூட்டனாண்ட்டும் கார்ல்சனும், 1954-இல். 500 கிலோ பட்டுக் கூட்டுப்புழுவை அரைத்து அவர்கள் கண்டது 25 மில்லிகிராம். அரை டன்னிலிருந்து அரை மிளகு! 1965-இல் அதன் அமைப்பு தெரிந்தபோது அது ஒரு ஸ்டீராய்டு என்று உறுதியானது. ஸ்டீராய்டுக்கு மூலமான ஸ்டெரால்களைப் பூச்சிகளால் அடியிலிருந்து தாமாகச் செய்துகொள்ள முடியாது. மல்பெரி இலையில் வரும் தாவர ஸ்டெராலைக் கொலஸ்டிராலாக மாற்றி, அதிலிருந்துதான் புழு தன் தோலுரிப்பு ஹார்மோனைச் செய்கிறது. அடுத்த சட்டைக்கான உத்தரவின் மூலப்பொருளும் இலையோடுதான் வருகிறது.

எக்டைசோன் ‘மாறு’ என்று சொல்லும். எதுவாக மாறுவது என்பதை இன்னொன்று தீர்மானிக்கிறது. மூளைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் கடுகளவுகூட இல்லாத இரண்டு உருண்டைகள், கார்ப்போரா அல்லாட்டா, இளமை ஹார்மோனைச் சுரக்கின்றன. 1938-இல் பிரான்சின் பூனியோல் இளம் பட்டுப்புழுக்களிலிருந்து இவற்றை அகற்றினார். புழுக்கள் மிச்சப் பருவங்களைத் தாவிவிட்டுப் பொம்மைபோன்ற குட்டிக் கூடுகளைக் கட்டின. இளமை ஹார்மோன் இருக்கும்போது எக்டைசோன் எழுந்தால் புழு இன்னும் பெரிய புழுவாகும். இல்லாதபோது எழுந்தால் கூட்டுப்புழுப் பாதைக்குத் திரும்பும். செல்லுக்குள் இளமை ஹார்மோன் ஒரு தடுப்பு மரபணுவை விழித்திருக்க வைக்கிறது. அது அடங்கினால்தான் கூட்டுப்புழுவுக்கான மரபணுவும் பிறகு அந்துப்பூச்சிக்கானதும் முறையே வாய் திறக்கும்.

ஐந்தாம் பருவத்தில் நடப்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் காசு அங்கேதான். மொத்த இலையில் ஐந்தில் நாலு பங்கு இந்த 7, 8 நாளில் போகிறது. பருவம் தொடங்கிய சில நாளில் இளமை ஹார்மோன் வடிகிறது. சுரப்பது குறைவதோடு, இரத்தத்தில் மிச்சம் இருப்பதை உடைக்கும் நொதியும் பெருகுகிறது. இரத்தத்தில் அது தீர்ந்த பிறகே மூளை தன் புரதத்தை விடும். முதலில் எக்டைசோன் சிறிதாக ஒரு முறை எழுகிறது. சட்டை உரிக்க அது போதாது. புழுவின் நடத்தை மாறுவதற்குப் போதும். தின்பதை நிறுத்துகிறது, குடலைக் காலி செய்கிறது, உடல் சுருங்கி, தொண்டைப் பக்கம் விளக்கில் காட்டிய திராட்சைபோல் ஒளி ஊடுருவுகிறது, தலையைத் தூக்கி இடம் தேடி ஆட்டுகிறது. பழுத்துவிட்டது என்று சந்திரிகையில், அதாவது கூடு கட்டும் தட்டியில், விடுவது இந்தக் கட்டத்தில்தான். இரண்டு மூன்று நாள் நூற்றுக் கூடு முடிந்த பிறகு, கூட்டுக்குள் எக்டைசோன் பெரிதாக எழுந்து கூட்டுப்புழுத் தோல் உருவாகிறது.

இந்த இரண்டு எழுச்சிகளுக்கு முன்னால் ஒரு எடை வாசல் இருக்கிறது. புகையிலைக் கொம்புப்புழுவில் நைஹவுட்டும் வில்லியம்ஸும் 1974-இல் காட்டியது: கடைசிப் பருவத்தில் ஏறத்தாழ 5 கிராமைத் தாண்டிய புழுவைப் பட்டினி போட்டாலும் அது குறித்த நேரத்தில் உருமாறும். தாண்டாததைப் பட்டினி போட்டால் தள்ளிப்போடும். பட்டுப்புழுவுக்கும் இதே இயல்பு உண்டு. இரண்டாம் நாளில் இலை தட்டினால் பருவம் இழுத்துக்கொண்டு போகும். ஆறாம் நாளில் தட்டினால் நேரத்துக்குக் கூடு கட்டிவிடும், ஆனால் மெல்லிய ஓட்டோடு. முன்னது நாள் நட்டம், பின்னது எடை நட்டம். பின்னதை ஈடுகட்டவே முடியாது. இலை குறைவு என்று முன்பே தெரிந்தால் முட்டைத் தொகுதியைக் குறைத்து எடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

இவ்வளவு தெரிந்த பிறகு கையைக் கட்டிக்கொண்டிருக்க முடியுமா? ஐந்தாம் பருவத்தின் நடுவில், இளமை ஹார்மோன் இயல்பாக வடிந்த பிறகு, அதைப்போல் செயல்படும் மருந்தை மிக மிகக் குறைவாகக் கொடுத்தால் புழு இன்னும் ஒரு நாளாவது கூடுதலாகத் தின்னும். பட்டுச் சுரப்பி பெருக்கும், கூட்டின் ஓடு கனக்கும். அந்தக் கூடுதல் நாளுக்கு நல்ல இலை கையிருப்பில் வேண்டும். அளவு கொஞ்சம் மிஞ்சினால் புழு கூடே கட்டாது. லாபத்துக்கும் முழு நட்டத்துக்கும் நடுவில் இவ்வளவு மெல்லிய கோடு உள்ள ஒன்றைப் பரவலாகச் சிபாரிசு செய்வதில் எனக்கு உடன்பாடில்லை.

இதன் மறுபக்கம் எவ்வளவோ பாதுகாப்பானது. பல தாவரங்கள் எக்டைசோன் வகைப் பொருள்களைத் தாமே செய்கின்றன. நம் வேலியோர நாயுருவியிலும் இருக்கிறது. மைசூரில் உள்ள மத்தியப் பட்டு ஆராய்ச்சி நிலையம் இப்படித் தாவரத்திலிருந்து எடுத்த மருந்தை ‘சம்பூர்ணா’ என்ற பெயரில் கொண்டுவந்தது. முதல் சில புழுக்கள் பழுக்கத் தொடங்கியதும் இதை இலையில் தெளித்துக் கடைசித் தீனியாகப் போட்டால், மூன்று நாளாகப் பிரித்துப் பிரித்துப் பொறுக்க வேண்டிய புழு ஒன்றாகச் சேர்ந்து பழுக்கும். பொறுக்கும் கூலி மிச்சம், கூடுகளும் ஒரே நாளில் முதிர்வதால் அறுவடையில் கலப்பு இல்லை. ஒரு புழுவும் பழுக்காதபோது அவசரப்பட்டுக் கொடுத்தால் காரியம் கெடும். பட்டுச் சுரப்பி நிறைவதற்கு முன்பே நூற்கத் தொடங்கிவிடும். அதே மருந்து, அதே அளவு, இரண்டு நாள் வித்தியாசம்.

முட்டையிலும் இதே கதைதான். ஆண்டுக்கு இரண்டு தலைமுறை காணும் இருபருவ இனத்தின் முட்டை உறங்குவதா விழிப்பதா என்பதைத் தாயின் உணவுக்குழலடி நரம்பு முடிச்சில் சுரக்கும் ஒரு ஹார்மோன் தீர்மானிக்கிறது. அந்தத் தாய் முட்டையாக இருந்தபோது 25 டிகிரி வெப்பத்தில், வெளிச்சத்தில் வளர்ந்திருந்தால் உறங்கும் முட்டை இடுவாள். 15 டிகிரியில் இருட்டில் வளர்ந்திருந்தால் உறங்காத முட்டை. உறக்கத்தைத் தடுக்க, இட்டு ஏறத்தாழ 20 மணி நேரமான முட்டைகளை 1.075 ஒப்படர்த்தி உள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில், 46 டிகிரி சூட்டில், 5 நிமிடம் முக்கி எடுப்பார்கள். இரண்டு நாள் ஆன முட்டையை இதே அமிலத்தில் இதே சூட்டில் முக்கினாலும் அது எழாது. பிறகு குளிரறையில் வைத்து எடுத்துத்தான் எழுப்ப வேண்டும்.

பூச்சியின் சொந்த ஹார்மோனை அதற்கே நஞ்சாக்கலாம் என்ற யோசனை வந்தது ஒரு காகிதத் துண்டால். 1960களின் நடுவில் கரெல் ஸ்லாமா பிராகிலிருந்து ஒரு வகைச் செந்நிறப் பூச்சியை ஹார்வர்டில் இருந்த கரோல் வில்லியம்ஸின் ஆய்வகத்துக்குக் கொண்டுபோனார். ஐரோப்பாவில் ஒழுங்காக வளர்ந்த பூச்சி அங்கே முதிரவே இல்லை. ராட்சதக் குஞ்சுகளாகப் பெருத்துச் செத்தது. தேடிப் பார்த்ததில் குற்றவாளி, தட்டில் விரித்த கைத்துடைப்புத் தாள். நியூயார்க் டைம்ஸும் வால் ஸ்ட்ரீட் ஜர்னலும் அதே வேலையைச் செய்தன. லண்டன் டைம்ஸ் செய்யவில்லை. அமெரிக்கத் தாளுக்கு மரம் தந்த பால்சம் ஃபிர் என்ற ஊசியிலை மரம், இளமை ஹார்மோனைப்போல் செயல்படும் பொருளைத் தன்னுள் வைத்திருந்தது. தன் சொந்த ஹார்மோனை எந்தப் பூச்சி எதிர்த்துத் தப்பும் என்று வில்லியம்ஸ் நம்பிக்கையோடு எழுதினார். அந்த நம்பிக்கை பொய்த்தது. பழ ஈயில், இளமை ஹார்மோனைப்போல் செயல்படும் மெத்தோப்ரீன் என்ற மருந்தைத் தாங்கும் திரிபு ஒன்று 1986-இல் பதிவானது. அந்த மரபணுவின் புரதம்தான் இளமை ஹார்மோன் செல்லுக்குள் வந்து பொருந்தும் ஏற்பி என்பது பின்னால் தெரிந்தது. தோல்வியின் வழியாகவே பூட்டு கிடைத்தது.

இந்த மருந்துகளைக் கொசுவுக்குப் பயன்படுத்துகிறவர்கள் ஒரு தவறை மாறாமல் செய்கிறார்கள். பைரிப்ராக்சிஃபென் போட்ட தொட்டியை மூன்றாம் நாள் எட்டிப் பார்த்து, புழு நெளிகிறதே, மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டுகிறார்கள். இளமை ஹார்மோன் போன்ற பொருள் புழுவைக் கொல்லாது, புழுவாக இருக்கவே விடும். சாவு கூட்டுப்புழு நிலையிலோ பறக்க எழும் தறுவாயிலோதான். கூட்டுப்புழுக்களை எடுத்து, வலை கட்டிய குவளையில் வைத்து, எத்தனை கொசு எழுகிறது என்று எண்ண வேண்டும்.

இதே குணம்தான் பட்டு வளர்ப்பவர்களுக்கு எமன். 1980களின் இறுதியில் வட இத்தாலியில் பழத்தோட்டங்களுக்கு இதே வகை மருந்தான ஃபெனாக்சிகார்ப் தெளிக்கத் தொடங்கிய பிறகு, காற்றில் வந்து மல்பெரியில் படிந்த சொற்ப மருந்தால் பட்டுப்புழுக்கள் கொழுகொழுவென்று வளர்ந்து, கூடு கட்டாமலே கிடந்தன. நம்மூரில் சந்தேகமான இலையைப் பத்து இருபது புழுவுக்குப் போட்டு இரண்டு நாள் பார்ப்பது வழக்கம். நரம்பு நஞ்சாக இருந்தால் அந்தச் சோதனையில் அகப்பட்டுக்கொள்ளும். இளமை ஹார்மோன் வகை அகப்படாது. இரண்டு நாளும் புழு நன்றாகத் தின்னும், ஒருவேளை கூடுதலாகவே தின்னும்.

நட்டம் நேர்ந்த தட்டில் செத்த புழுவையோ சாகாத புழுவையோ பார்த்தே பாதி ஊகிக்கலாம். இலை தின்ற சில மணி நேரத்தில் தின்பதை நிறுத்தி, தோலுரிப்பு நாள் வருவதற்கு முன்பே தலைத்தொப்பி பாதி நழுவி, அடியில் இன்னொரு தலை தெரியச் செத்திருந்தால், டெபுஃபெனோசைடு போன்ற எக்டைசோன் வகை மருந்து. எக்டைசோன் ஏறினால் புதுத் தோல் உருவாகும். அது இறங்கினால்தான் சட்டையைக் கழற்றும் ஹார்மோன்கள் வெளிவரும். இந்த மருந்து இறங்கவே இறங்காததால், புழு இரண்டு தலையோடு மாட்டிக்கொண்டு பட்டினியில் சாகிறது. தோலுரிக்கும்போது உடல் பிதுங்கி, கிழிந்து, நீர் கசிந்திருந்தால் கைட்டின் உற்பத்தியைக் கெடுக்கும் டைஃப்ளூபென்சூரான் வகை. அங்கே ஹார்மோன்கள் ஒழுங்காகவே வேலை செய்தன, தோல்தான் சரியாக நெய்யப்படவில்லை. சுருங்கிக் கருத்து, உரிக்காமலே நாள்கணக்கில் கிடந்தால் வேப்பெண்ணெய்த் தெளிப்பையும் கணக்கில் எடுக்க வேண்டும். வேம்பில் உள்ள அசாடிராக்டின் மூளையிலிருந்து உத்தரவு போவதையே குலைக்கும். இயற்கை மருந்து என்பதற்காகப் பட்டுப்புழுவை அது விட்டுவைக்காது. ஐந்தாம் பருவம் பத்து நாளைத் தாண்டியும் புழு பழுக்காமல் தின்றுகொண்டே இருந்தால், மேற்கொண்டு இலை வெட்டுவது வீண். தட்டை ஒழித்துவிட்டு, மல்பெரிக்குக் காற்று வரும் திசையில் யார் வயல், என்ன பயிர், எந்தத் தேதியில் என்ன தெளித்தார்கள் என்று கேட்டுக் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த தொகுதிக்கு அந்தப் பக்கத்து வரிசைகளின் இலையை வெட்டக் கூடாது.